44 வயதில் ஓ லெவல்: ராத்திரி வகுப்பா, நேராகப் பரீட்சையா?

ஈசூன் சமையற்கட்டு:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. சுருக்கமாகக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கதையைச் சொல்லாமல் கேள்வி புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44. சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. 9 வருஷமாகக் காலை ஆறரைக்கு அங்கே அடுப்பைப் பற்றவைப்பது நான்தான். எழுபது பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி, மதியச் சாப்பாடு, மூன்று மணிப் பலகாரம். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளைக்குக் கடலை ஆகாது என்று தாளைப் பார்க்காமலே சொல்வேன். இரண்டு டீச்சர் ஒரே நாளில் எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டால் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் தூங்கும் அறையில் போய் உட்காரச் சொல்வார்கள். தட்டிக் கொடுத்துத் தூங்கவைப்பேன். ஆசை அங்கேதான் பிடித்தது.

போன மாதம் பிரின்சிபல் கூப்பிட்டு, "நீங்க உதவி ஆசிரியர் கோர்ஸ் செய்யலாமே, சென்டரே அனுப்பும்" என்று படிவத்தைக் கையில் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் பரீட்சை) 3 பாடம், ஆங்கிலம் கட்டாயம்.

என்னிடம் இருப்பது பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை மட்டும். உயர்நிலைப் பள்ளியில் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவை 1994-இல் தொடங்கினார்களே, அந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உயர்நிலை மூன்றில் இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா துப்புரவு வேலைக்குப் போனார், நான் அப்பாவோடு வீட்டில் இருந்தேன். "அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த வருஷத்துக்கு இப்போது 28 வயது.

வீட்டில் மூன்று கட்சி. ராத்திரி வகுப்பில் சேர், வாத்தியார் இல்லாமல் உனக்கு ஓடாது என்கிறார் கணவர். மகள் உயர்நிலை இரண்டு. "யூடியூப்ல படிச்சு பிரைவேட் கேண்டிடேட்டா எழுதும்மா, எதுக்கு வகுப்பு" என்பது அவள் கட்சி. என் நாத்தனார் டாலஸ் பக்கம் இருக்கிறார். கல்யாணமாகிப் போன பிறகு அங்கே ஜிஇடி எழுதினார். "நாலு பரீட்சை, எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம், ஹைஸ்கூல் முடிச்சதுக்குச் சமம். அதை எழுதி உங்க ஊர்ல நீட்டு" என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஓதுகிறார்.

எது சரி? வகுப்பா, தனியாகப் பரீட்சையா, அமெரிக்கப் பரீட்சையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. ஈரத் தரை, உள்ளே வராதீர்கள் என்று சமையலறைக் கதவில் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினேன். 'வெட்' என்ற சொல்லில் ஒரு 'ஏ' கூடுதல். மூன்று வாரம் பெரியவர்கள் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போனார்கள்! கடைசியில் கே டூ பையன் ஒருவன்தான், "ஆன்ட்டி, ஸ்பெல்லிங் தப்பு" என்றான்.

துவாஸ் ஷிஃப்ட்:

அக்கா, நான் வகுப்புக் கட்சி. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி.

2012-இல் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) நடத்தும் பொதுக் கல்வி மாலை வகுப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு 31. துவாஸில் வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸில் பூன் லே வந்து, ரயில் பிடித்து, வகுப்புக்குள் நுழையும்போது கையில் கிரீஸ் வாடை போயிருக்காது. பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய் மக்சிக், டாக்சி ஓட்டும் ஒரு சீன அங்கிள், பின்னால் பள்ளியை விட்டு இரண்டே வருஷம் ஆன பையன்கள். ஜனவரியில் நாற்காலி பத்தாது. ஜூன் வந்தபோது ஏர்கான் குளிர்தான் நிறைய இருந்தது, ஆள் இல்லை. பரீட்சை கஷ்டம் என்று நின்றவர் குறைவு. ஷிஃப்ட் மாறியது, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாரைப் பார்க்க ஆள் இல்லை, இப்படித்தான் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரியவர்களுக்கென்று தனி ஓ லெவல் கிடையாது. வகுப்பில் படித்தாலும் வீட்டில் படித்தாலும், எழுதுவது 16 வயதுப் பிள்ளை எழுதும் அதே தாள்தான். திருத்துவதும் அதே இடத்தில். சான்றிதழில் ராத்திரி வகுப்பு என்ற பேச்சே இருக்காது. அதனால் வகுப்பா பரீட்சையா என்பது கௌரவப் பிரச்சினை இல்லை, எப்படித் தயாராவது என்பதுதான் பிரச்சினை.

வகுப்பில் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: என் கட்டுரையை ஒருவர் படித்தார். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது சிவப்பு மையில் மூழ்கியிருந்தது. கடந்தகால வினைச்சொல்லை நிகழ்காலத்தில் எழுதியிருந்தேன், ஒரு தாளில் 19 இடத்தில். எண்ணினேன். அடுத்ததில் 11. அதை எந்த யூடியூபும் செய்யாது.

குறை என்ன? காலம். என்னிடம் 'என்' லெவல் (ஓ லெவலுக்கு ஒரு படி கீழே உள்ள பரீட்சை) இல்லை, அதனால் நேராக ஓ லெவல் வகுப்புக்குள் விடவில்லை. முதலில் என் லெவல், அடுத்த வருஷம் ஓ லெவல். நீங்கள் உயர்நிலை மூன்றில் நின்றதால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகக்கூடும். கட்டணத்தில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றதால் பணம் கடிக்கவில்லை. நான் சொல்வது 2012 கதை, இப்போதைய சேர்க்கையை ஐடிஇ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

ஆஸ்டின் போய்வந்தவள்:

நாத்தனார் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அதே பேச்சைக் கேட்டு அதே பரீட்சையை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் வந்தவள் நான்.

2015-இலிருந்து 2019 வரை டெக்சஸில் ஆஸ்டினில் இருந்தோம். இங்கே படிப்பை முடிக்காமல் கல்யாணம். அங்கே போன பிறகு ஒன்றரை வயதுப் பையனை வைத்துக்கொண்டு, ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். அங்கே உண்மையாகவே இரண்டு வழி இருக்கிறது. அது நம் ஊர் மாதிரி இல்லை, இரண்டுக்கும் கிடைக்கும் தாளே வேறு.

ஒன்று, பெரியவர்களுக்கான ஹைஸ்கூல். ஆஸ்டினில் குட்வில் அமைப்பு 2014-இல் எக்செல் சென்டர் என்று ஒன்று தொடங்கியிருந்தது, இண்டியானாபொலிசில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாதிரியைப் பார்த்து. கட்டணம் இல்லை. எட்டு எட்டு வாரமாகப் பருவங்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்க அங்கேயே ஒரு அறை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, இரண்டு நாள் வராவிட்டால் போன் பண்ணி விசாரிப்பார். பாடம் பாடமாகக் கிரெடிட் சேர்த்து, மாநிலத் தேர்வுகளையும் தாண்டினால் கையில் வருவது முழு ஹைஸ்கூல் டிப்ளோமா.

இன்னொன்று ஜிஇடி. இரண்டாம் உலகப் போரில் படிப்பை விட்டுப் போன சிப்பாய்களுக்காக 1942-இல் வந்த பரீட்சை. இப்போது நான்கு பாடம்: கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல். மதிப்பெண் 100-இலிருந்து 200 வரை, 145 எடுத்தால் பாஸ். நாத்தனார் சொன்ன ஏழு மணி நேரம் உண்மைதான், ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. டெக்சஸில் பாஸ் ஆனால் கொடுப்பதன் பெயர் ஹைஸ்கூல் சமானச் சான்றிதழ். 'சமானம்' என்ற சொல் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

எனக்குப் பொறுமை இல்லை, ஜிஇடி எழுதினேன். மூன்று பாடம் ஒரே மாதத்தில் முடிந்தது. கணக்கில் 141. முதல் ஐந்து கேள்விக்குக் கால்குலேட்டர் கிடையாது, அங்கேயே கை நடுங்கிப் பாதி நேரம் போய்விட்டது. இரண்டாம் முறை 148.

அங்கேயே அந்த இரண்டு தாளையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அமெரிக்க ராணுவம் ஆள் எடுக்கும்போது டிப்ளோமாக்காரர் முதல் அடுக்கு, ஜிஇடிக்காரர் இரண்டாம் அடுக்கு. 2000-இல் பொருளியல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் 1993-லேயே இன்னொருவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதினார்: ஜிஇடி வாங்கியவர்கள் வேலைச் சந்தையில் ஹைஸ்கூல் முடித்தவர்களைப் போல இல்லை, பாதியில் விட்டவர்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள் என்று. தலையில் இருப்பதைப் பரீட்சை அளந்துவிடும், தினமும் போய் உட்காரும் பழக்கத்தை அளக்காது என்பது அவர் வாதம். எனக்கு அது கொஞ்சம் சுட்டது. கைப்பிள்ளையோடு 148 எடுத்தவளுக்கு உட்காரத் தெரியாதா? ஆனாலும் துவாஸ் தம்பி சொன்ன ஜூன் மாத ஏர்கானைப் படித்தபோது ஹெக்மன்தான் நினைவுக்கு வந்தார்.

சரி, ஊருக்கு வந்தேன். ஒரு கம்பெனியில் நேர்காணல். எச்ஆர் பெண் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜிஎஸ்டியா? இது எதுக்கு?" என்றார். தமாஷ் இல்லை, நிஜமாகவே. விளக்கினேன். "ஓகே, பட் ஓ லெவல் இருக்கா?" என்றார். அதோடு முடிந்தது.

ஆக, அமெரிக்காவில் குடியேறப் போகிறீர்கள் என்றால் ஜிஇடியைப் பற்றிப் பேசலாம். ஈசூனில் உதவி ஆசிரியராக அது உதவாது. கோர்ஸ் நடத்துபவர் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுக்காத வரை அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். இரண்டு வாரத்தில் வீட்டிலிருந்தே அமெரிக்க டிப்ளோமா என்று வரும் விளம்பரங்களைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது வேறு. அந்தப் படிவத்தில் ஓ லெவல் என்ற வரிக்குக் கீழே 'அல்லது' என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். இங்கே நிறைய வேலைத்திறன் கோர்ஸ்களில் ஓ லெவல் இல்லாதவர்களுக்கு டபிள்யூபிஎல்என் என்ற வேலையிட எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வில் இத்தனையாவது நிலை என்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பது, கேட்பது, பேசுவது, எழுதுவது, அப்புறம் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் உங்கள் நிலை எது என்று சொல்லிவிடும். பாஸ், ஃபெயில் என்று கிடையாது. இந்த ஊரில் சமானப் பரீட்சை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்லலாம். ஆனால் அது கல்விச் சான்றிதழ் இல்லை, கோர்ஸ் வாசலைத் திறக்கும் சாவி மட்டும்.

லெம்பாகா தாத்தா:

ராத்திரி வகுப்பு என்றதும் எட்டிப் பார்த்தேன். 1973-இல் துறைமுகத்தில் வேலை முடித்து லெம்பாகாவுக்கு ஓடியவன் நான். முழுப் பெயர் லெம்பாகா கெராக்கான் பெலஜாரான் டெவாசா, வயது வந்தோர் கல்விக் கழகம். பகலில் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் ராத்திரி நாங்கள். நாற்காலி சின்னது, முட்டி மேசையில் இடிக்கும். 1979-இல் அதைத் தொழிற்பயிற்சிக் கழகத்தோடு சேர்த்து விஐடிபி என்ற தொழிற்பயிற்சி வாரியம் ஆக்கினார்கள், அதுதான் 1992-இல் ஐடிஇ ஆனது. தம்பி உட்கார்ந்த வகுப்புக்கு நான் தாத்தா முறை.

என் மனைவி 1980களில் தொழிற்சாலையில் பெஸ்ட் திட்டத்தில் ஆங்கிலமும் கணக்கும் படித்தாள். வேலை நேரத்திலேயே வகுப்பு. அவள் முடித்தாள், நான் இரண்டு தடவை விட்டு மூன்றாம் தடவைதான் முடித்தேன். பிரின்சிபலிடம் கேளும்மா, வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் விடுவார்களா என்று. கேட்டால் தப்பில்லை.

சிவப்புப் பேனா:

ஓ லெவல் ஆங்கிலத்துக்கு டியூஷன் எடுக்கிறேன். பெரியவர்களும் அவ்வப்போது வருவார்கள். இங்கே யாரும் தொடாத ஒரு விஷயம் காலண்டர்.

அடுத்த வருஷம், 2026, தான் கடைசி ஓ லெவல். 2027-இலிருந்து என் லெவல், ஓ லெவல் இரண்டும் போய், சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்று ஒன்றே வரும். பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்று இருக்கும், ஜி3 என்பது இப்போதைய ஓ லெவல் தரம். பழைய சான்றிதழ் செல்லாமல் போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் வகுப்பில் இரண்டு வருஷம் என்றால் நீங்கள் எழுதுவது புதியதாகத்தான் இருக்கும். தனியாக 2026-இல் எழுதினால் பழையது. தனித்தேர்வர்களுக்குப் பதிவு ஆண்டின் முதல் பாதியில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். எஸ்இஏபி (தேர்வு வாரியம்) தளத்தில் தேதியைப் பார்த்து இப்போதே காலண்டரில் வட்டம் போடுங்கள். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

மூன்று பாடத்தில் எவை? அறிவியல் வேண்டாம். தனியாக எழுதுபவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி பெரிய தலைவலி. ஆங்கிலம், கணக்கு, தமிழ். இந்தப் பதிவைப் பார்த்தால் தமிழுக்கு உங்களுக்கு ஆள் தேவையில்லை. தமிழ் எழுத்துத் தாள் ஆண்டின் நடுவிலேயே வந்துவிடும், ஒரு பாரம் முன்னாலேயே இறங்கும்.

ஆங்கிலத்தில் நான்கு தாள்: எழுதுவது 35 விழுக்காடு, வாசித்துப் பதில் சொல்வது 35, கேட்பது 10, வாய்மொழி 20. பேச வரும் என்கிறீர்களே, வாய்மொழியில் ஒரு சிறு வீடியோவைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எழுபது பிள்ளைகளைச் சமாளிப்பவர் அங்கே தடுமாற மாட்டீர்கள். எழுத்துத் தாளின் முதல் பகுதி பிழை திருத்தம், பத்து மதிப்பெண். பன்னிரண்டு வரி கொடுப்பார்கள். முதல் வரியும் கடைசி வரியும் சரி. நடுவில் பத்து வரியில் எட்டில் பிழை, இரண்டில் பிழையே இருக்காது. அந்த இரண்டு வரிதான் ஆளைக் கவிழ்க்கும். சரியாக இருப்பதைச் சரி என்று விடத் துணிச்சல் வேண்டும்.

தினமும் ஒரு பழைய தாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு வரி மட்டும் செய்யுங்கள். பத்து நிமிஷம் போதும். கட்டுரையை மட்டும் யாரிடமாவது கொடுத்துத் திருத்தி வாங்குங்கள், அதில் துவாஸ்காரர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஈசூன் சமையற்கட்டு:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு தடவை படித்தேன்.

துவாஸ் தம்பி, ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன். ஆனால் ஒன்பது மணிக்குக் கண் சொருகிவிடும், ஐந்து மணிக்கு எழ வேண்டுமே. பத்து மணி வரை வகுப்பில் உட்கார்ந்தால் மறுநாள் கஞ்சி அடிபிடிக்கும். அது மட்டும்தான் தயக்கம்.

ஆஸ்டின் அக்கா, படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'அல்லது' இருக்கிறது! ஓ லெவல் வரிக்கு அடுத்து, சின்ன எழுத்தில், டபிள்யூபிஎல்என் என்றும் நிலை எண்ணும். பிரின்சிபலுக்கே தெரியவில்லை. அவரிடம் காட்டினேன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கிட்டே வைத்துப் படித்தார். அதற்கு முதலில் பதிவு செய்கிறேன். தாத்தா, உங்கள் பேச்சைக் கேட்டு அப்போதே வாயைத் திறந்துவிட்டேன். புதன்கிழமைகளில் நான்கு மணிக்கு விடுகிறேன் என்றார், பாத்திரத்தைப் பார்ட் டைம் ஆள் கழுவுவாராம்.

நாத்தனாரிடம் ஜிஎஸ்டி கதையைச் சொன்னேன். இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் பேச்சு இல்லை.

கோர்ஸுக்கு ஓ லெவல் தேவையில்லை என்று ஆன பிறகும் ஆங்கிலத் தாளை விட மனசில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 2026-இல் ஆங்கிலமும் தமிழும் மட்டும் தனியாக எழுதிப் பார்க்கிறேன், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் கவிழ்ந்தால் 2027-இல் புதிய தாள். அதே வருஷம்தான் மகளும் எழுதுகிறாள். நேற்றுச் சாப்பிடும்போது அதைச் சொன்னதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அம்மா, ப்ளீஸ், அடுத்த வருஷமே பாஸ் பண்ணிடு" என்றாள். அப்புறம் அவளே அறைக்குள் போய், பக்கத்து புளோக் அக்கா கொடுத்த பழைய டென் இயர் சீரிஸ் வினாத்தாள் புத்தகத்தை எடுத்து வந்து போட்டாள். அந்த அக்கா பென்சிலில் எழுதிய விடையெல்லாம் இன்னும் அதில் இருக்கிறது. அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பேனா டீச்சர், முதல் பன்னிரண்டு வரி செய்தேன். எட்டுப் பிழையில் ஐந்தைப் பிடித்தேன். சரியாக இருந்த இரண்டு வரியையும் திருத்திவிட்டேன்.